முற்றத்தில் நின்றவர்கள்

பெஸ்யாவுக்கு வாய் நீளம். அவளைப் பற்றிச் சொல்வதென்றால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். பாரிஸுக்கு வடக்கே எங்கள் பிள்ளைகள் விடுதியில் துணி அறை அவள் பொறுப்பு, அடுப்படி என் பொறுப்பு. இரண்டுக்கும் நடுவே ஒரே சுவர். அவள் யாரைத் திட்டினாலும் முதலில் என் காதில்தான் விழும்.

"இந்த டெட்ராய்ட் பொம்பளைங்களுக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா ஹெர்ஷ்? ஜமிக்கி வச்ச கவுன் அனுப்பியிருக்காளுங்க. எட்டு வயசுப் பொண்ணு இதப் போட்டுக்கிட்டு எங்க போவா, மந்திரி வீட்டு விருந்துக்கா?"

"சும்மா வந்த துணி. குறை சொல்லாதே."

"சும்மா வந்த துணிக்கு நானும் சும்மா நாலு வார்த்தை சொல்றேன், உனக்கென்ன?"

அந்தக் கவுனைப் பிரித்து அதன் உள்துணியில் மூன்று குழந்தைகளுக்குப் பாவாடை தைத்தாள். ஜமிக்கிகளை ஒரு டப்பாவில் போட்டு வைத்தாள். எதையும் தூக்கி எறிகிற வழக்கம் அவளிடம் கிடையாது, கோபத்தைத் தவிர.

விடுதி என்கிறேனே தவிர, அது யாரோ ஒரு பிரபுவின் மாளிகை. போர்க்காலத்தில் ஜெர்மன்காரர்கள் அதில் குடியிருந்துவிட்டு, போகும்போது கதவுக் கைப்பிடிகளைக்கூடக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அதை வாடகைக்குப் பிடித்து எங்கள் யூதப் பிள்ளைகளைச் சேர்த்திருந்தோம். பண்ணைகளில் ஆடு மேய்த்தவர்கள், கன்னியர் மடத்தில் வேறு பெயரோடு வளர்ந்தவர்கள், யாரோ ஒருவருடைய பரணில் இருமாமல் இருக்கப் பழகியவர்கள். செலவு முழுக்க அமெரிக்காவிலிருந்து வந்தது. போலந்தில் ஸ்டாவின் என்ற ஊரிலிருந்து முன்பே பிழைக்கப் போனவர்கள் டெட்ராய்ட்டில் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அந்தச் சங்கத்துப் பெண்கள் கேக் விற்றும், சீட்டாட்டம் நடத்தியும், வீடு வீடாக உண்டியல் குலுக்கியும் எங்களுக்குப் பணம் அனுப்பினார்கள். பணத்தோடு பெட்டிகளும் வரும். கம்பளிக் கோட்டு, டப்பாப் பால், சோப்பு. ஒரு தடவை ஒரு பெட்டி நிறைய ஆண்கள் கழுத்தில் கட்டுகிற டை மட்டும் வந்தது. இன்னொரு தடவை வேர்க்கடலை விழுது வந்தது. அது என்னவென்று தெரியாமல் நான் மேஜைக்கு மெருகு போடப் பார்த்தேன்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் அங்கே ஒரு 'அமெரிக்கா சித்தி' உண்டு. சித்தி புகைப்படம் கேட்பாள், பிள்ளை சிரித்த முகத்தோடு நிற்கும். பெஸ்யாவுக்கு அது பிடிக்காது. "நன்றி சொல்லிச் சொல்லியே இதுங்களுக்கு நாக்குத் தேஞ்சுபோச்சு" என்பாள். ஆனால் படம் எடுக்கும் நாளில் ஒவ்வொரு காலரையும் அவளே நேராக்கிவிடுவாள்.

போருக்கு முன் அவள் பாரிஸில், பெல்வில் பக்கம், சட்டைகளுக்குக் காஜா எடுத்துப் பிழைத்தவள். புருஷன் தொப்பி தைப்பவன். ஒரு பெண் குழந்தை. நாற்பத்திரண்டாம் வருஷக் கோடையில் மூன்று பேரையும் ஜெர்மன் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். நாற்பத்தைந்தில் இவள் மட்டும் திரும்பி வந்தாள். இதற்கு மேல் அவளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. என்னையும் யாரும் கேட்டதில்லை. அந்த வருஷங்களில் கேட்காமல் இருப்பதுதான் மரியாதை.

அவள் எங்கள் விடுதிக்கு வந்ததே தோபா என்ற ஒரே ஒரு பெண்ணுக்காகத்தான். தோபாவின் அம்மா ஷைன்டலும் பெஸ்யாவும் முகாமில் ஒரே பலகையில் படுத்தவர்கள். ஷைன்டல் ஸ்டாவின் ஊர்க்காரி, கல்யாணமாகிப் பாரிஸுக்கு வந்தவள். பிடித்துக்கொண்டு போவதற்கு முன்னால் பெண்ணை மலைப்பக்கம் ஓர் ஆட்டுக்காரக் கிழவியிடம் விட்டிருந்தாள். அதையே சொல்லிச் சொல்லிப் பெஸ்யாவுக்கு அந்தப் பண்ணைக்கு வழியே மனப்பாடமாகிவிட்டது. போர் முடிவதற்கு முந்தின குளிர்காலத்தில் ஷைன்டல் காய்ச்சலில் செத்தாள். பெஸ்யா பக்கத்தில் இருந்தாள். திரும்பி வந்ததும் அந்தப் பண்ணைக்குப் போனாள், பெண்ணை எங்களிடம் கொண்டுவந்து விட்டிருப்பது தெரிந்தது, இங்கே வந்து வேலை கேட்டாள்.

அவள் வந்த அன்று நான் முற்றத்தில் ரொட்டி கொடுத்துக்கொண்டிருந்தேன். புதிதாக யார் வந்தாலும் பிள்ளைகள் ஓடிவந்து சூழ்ந்துகொள்வார்கள். எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். தோபாவுக்கு அப்போது எட்டு வயது. அவளும் கேட்டாள்.

"எங்கம்மாவப் பாத்தீங்களா? பேரு ஷைன்டல்."

"பாத்தேன். ஒண்ணாத்தான் இருந்தோம்."

அந்த முகம் மலர்ந்ததைப் பார்த்த பிறகு யாராக இருந்தாலும் நாக்கு எழும்பியிருக்காது. "எப்ப வருவாங்க?" என்றது பெண்.

பெஸ்யா கொஞ்ச நேரம் அந்தக் குழந்தையின் பொத்தானைப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "ரயிலெல்லாம் இன்னும் சரியா ஓடலியேடி" என்றாள்.

அதைப் பொய் என்றும் சொல்ல முடியாது. ரயில்கள் அப்போது சரியாக ஓடவில்லைதான். அந்த வாரமே உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே உண்மையை என்னிடம் சொன்னாள். "பொண்ணுகிட்ட சொல்லிடு" என்றேன். "நாளைக்கு" என்றாள். "ஸெல்ட்ஸர்கிட்ட மூச்சு விடாதே. நல்ல மனுஷன். நல்ல மனுஷங்க உடனே போட்டு உடைச்சிடுவாங்க." ஸெல்ட்ஸர் எங்கள் நிர்வாகி. நான் மூச்சு விடவில்லை. அந்த 'நாளைக்கு' இரண்டு வருஷம் ஓடியது.

எங்களில் ஒரு வழக்கம் உண்டு. வருஷத்தில் சில பண்டிகை நாட்களில், தொழுகைக்கு நடுவே, செத்துப்போனவர்களைப் பேர் சொல்லி நினைக்கும் பிரார்த்தனை வரும். அப்பா அம்மா இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறவர்கள் அந்த நேரம் வெளியே போய்விட வேண்டும். உள்ளே நின்றால் கண் பட்டுவிடும். எந்த ஊரிலும் வெளியே போகிறவர்கள் சிறுவர் சிறுமியராகத்தான் இருப்பார்கள், முற்றத்தில் ஒரே கூச்சலாக இருக்கும். உள்ளே பெரியவர்கள் அழுவார்கள்.

விடுதி தொடங்கின முதல் வருஷம் பெருநோன்பு அன்று, அந்த இடம் வந்ததும் ஸெல்ட்ஸர் புத்தகத்தில் விரலை வைத்து மூடிக்கொண்டு, வழக்கப்படி, "அப்பா அம்மா இருக்கிறவங்க வெளிய போகலாம்" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. பிள்ளைகள் எல்லோரும் எழுந்தார்கள். ஒருவர் பாக்கியில்லாமல் எழுந்து வரிசையாக வெளியே போனார்கள். நாங்கள் பெரியவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். யாருடைய சாவுக்கும் யாரிடமும் அத்தாட்சி இல்லை. அப்படியிருக்க, எந்தப் பிள்ளையைப் பிடித்து, நீ உள்ளே இரு என்று சொல்வது? அதற்குப் பிறகு ஸெல்ட்ஸர் வாய் திறந்து சொல்வதில்லை. என்னைப் பார்த்துத் தலையசைப்பார், நான் கதவைத் திறப்பேன், பிள்ளைகள் போவார்கள். கடைசியாகப் பெஸ்யாவும் போவாள். சின்னதுகளை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டுமே என்பாள்.

நாற்பத்தேழாம் வருஷம் பெருநோன்புக்கு முந்தின நாள் தோபாவின் அமெரிக்கா சித்தியே நேரில் வந்து இறங்கினாள். மிஸஸ் கிரானோவ். நாற்பது வயதிருக்கும், கழுத்தில் நரித்தோல், உதட்டில் சாயம். ஸ்டாவினில் பிறந்து பன்னிரண்டு வயதில் கப்பலேறியவள். பேச்சில் பாதி எங்கள் பாஷை, பாதி டெட்ராய்ட். பிள்ளை இல்லாதவள். தோபாவைத் தன்னோடு அழைத்துப்போய்விடுவது என்ற முடிவோடுதான் வந்திருந்தாள். தோபாவுக்கும் அவளைப் பிடித்துவிட்டது. வந்த அன்றே அந்த நரித்தோலைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு மாடிப்படியில் ஏறி இறங்கினாள்.

மறுநாள் நினைவுப் பிரார்த்தனைக்கு நான் கதவைத் திறந்தபோது மிஸஸ் கிரானோவும் வெளியே போனாள். அவள் அப்பா அம்மா இரண்டு பேரும் டெட்ராய்ட்டில் உயிரோடு இருந்தார்கள். எனக்கு உள்ளே சொல்ல வேண்டிய பேர்கள் நிறைய. முற்றத்தில் நடந்ததைப் பெஸ்யா பிற்பாடு சொன்னதிலிருந்துதான் சொல்கிறேன். அவள் சொன்னால் நடந்ததைவிட நன்றாகவே இருக்கும்.

பிள்ளைகள் கொட்டை மரத்தடியில் ஓடிக்கொண்டிருந்தார்கள். "இன்னைக்கு நோன்பு, கொட்டை ஒண்ணும் பொறுக்கக் கூடாது, தெரியுமில்ல!" என்று பெஸ்யா கத்திக்கொண்டிருந்தாள். மிஸஸ் கிரானோவ் படிக்கட்டில் நின்று எல்லோரையும் பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

"எதுக்கு இவங்க எல்லாரும் வெளிய வந்துட்டாங்க?"

"உள்ள நினைவுப் பிரார்த்தனை."

"அது தெரியும்மா. எங்கப்பா அம்மா இருக்காங்க, அதனால நான் வந்தேன். இவங்க ஏன் வந்தாங்க?" கையை நீட்டி முற்றம் முழுவதையும் காட்டினாள். "இவங்களுக்கெல்லாம் அப்பா அம்மா இருக்காங்களா?"

பெஸ்யா பக்கத்தில் நின்ற ஒரு குழந்தையின் காலரை நேராக்கினாள்.

"அனாதைப் பிள்ளைங்கன்னு சொல்லித்தானே எங்ககிட்ட வாங்கினீங்க? எங்க பொம்பளைங்க வீடு வீடாப் போய் நின்னாங்களே! நான் புருஷன்கூட சண்டை போட்டு அனுப்பினேனே! தோபாகூட அங்க நிக்கிறா. அவ அம்மா எங்க? சொல்லுங்க, எங்க?"

இப்படி ஒரு தப்பு எங்கள் ஜனங்களுக்குத்தான் வரும். வேறு யார் வந்திருந்தாலும், பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்று நினைத்துப் போயிருப்பார்கள். வழக்கம் தெரிந்ததால்தான் அவளுக்கு நெஞ்சு பதறியது.

"நல்லாக் கேட்டீங்க" என்றாள் பெஸ்யா. "வரிசையா நிக்கச் சொல்லட்டுமா? ஒவ்வொருத்தரா நீங்களே கேளுங்களேன், உங்கம்மா எங்கன்னு."

இதற்குள் புதிதாக யாரோ உரக்கப் பேசுகிறார்கள் என்று ஒரு சின்னக் குழந்தை கிட்டே வந்து நின்றது. மிஸஸ் கிரானோவின் கோட்டைப் பிடித்து இழுத்து, "எங்கப்பா ரஷ்யாவுலேருந்து வர்றாரு. நடந்து வர்றாரு, அதான் லேட்டாகுது" என்றது. சொல்லிவிட்டு ஓடிப்போயிற்று.

மிஸஸ் கிரானோவ் அந்தக் கல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். உதட்டுச் சாயத்தைக் கைக்குட்டையால் அழுந்தத் துடைத்தாள். பிறகு, "நீங்க? உங்களுக்கு அப்பா அம்மா இருக்காங்களா?" என்று கேட்டாள்.

"பிள்ளைங்கள யாராவது பாத்துக்கணும்ல" என்றாள் பெஸ்யா.

நோன்பு முடிந்த மறுநாள் மிஸஸ் கிரானோவ் தோபாவைக் கூப்பிட்டு மடியில் உட்காரவைத்து, டெட்ராய்ட்டுக்கு வருகிறாயா என்று கேட்டாள். தனி அறை, பள்ளிக்கூடம், பியானோ. பெண்ணுக்குக் கண் விரிந்தது.

"வரேனே. ஆனா அம்மா வந்ததுக்கப்புறம். அம்மா இங்கதான் தேடி வருவாங்க. நான் போயிட்டா எப்படிக் கண்டுபிடிப்பாங்க?"

மிஸஸ் கிரானோவ் ஸெல்ட்ஸரைப் பார்த்தாள். ஸெல்ட்ஸர் உதட்டைப் பிதுக்கினார். இவளுடைய அம்மாவைப் பற்றியோ அப்பாவைப் பற்றியோ எங்கிருந்தும் ஒரு சேதி இல்லை, பெண் சம்மதிக்காமல் நான் யாரையும் அனுப்பமாட்டேன் என்றார். பெஸ்யா அதே அறையில் மேஜைத்துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள்.

ஆகப் பெஸ்யாவின் ஒரு வார்த்தையில் எல்லாம் நின்றது. சொன்னால் தோபா போய்விடுவாள். சொல்லாவிட்டால், வரவே வராத ஒருத்திக்காக இந்த ஒழுகும் மாளிகையில் காத்துக்கிடந்தே வளர்வாள். நோன்புக்குச் சில நாள் கழித்துத் தொடங்கும் கூடாரப் பண்டிகை முடிந்ததும் மிஸஸ் கிரானோவுக்குக் கப்பல்.

பண்டிகையின் நடு நாட்களில் எங்களில் துணி துவைக்கக் கூடாது. துணி அறை பூட்டிக் கிடந்தது. கைக்கு வேலையில்லாத பெஸ்யாவைப் பக்கத்தில் வைத்திருப்பது கொதிக்கிற பாலைப் பக்கத்தில் வைத்திருப்பது மாதிரி. அவளிடம் ஒரு கூடை கேரட்டைத் தள்ளினேன்.

"சொல்லிடு" என்றேன்.

"உன் சட்டியப் பாரு."

"பொண்ணு மேல இரக்கப்பட்டுத்தான் சொல்லாம இருக்கியா?"

ஒரு கேரட் என் காதோரம் பறந்து போயிற்று. அப்புறம் அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "இல்ல" என்றாள். "எனக்காகத்தான். மொதல்ல அவளுக்காக இருந்துச்சு. இப்ப இல்ல. காலைல எந்திரிச்சா அவ காலுறை எங்க கிழிஞ்சிருக்குன்னு பாக்கறதுக்குத்தான் எந்திரிக்கிறேன். அவளும் போயிட்டா நான் எதுக்கு எந்திரிக்கணும், சொல்லு."

 சட்டியைப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்துத் தோபா ரொட்டியின் கருகின முனை இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு உள்ளே வந்தாள். அது அவளுக்குப் பிடிக்கும், தினமும் எடுத்து வைப்பேன். கொடுத்தேன்.

"தோபா, இங்க வந்து உக்காரு" என்றாள் பெஸ்யா. "உங்கம்மா வரமாட்டாங்க."

"ரயில் இன்னும் ஓடலியா?"

"ஓடுது. எல்லா ரயிலும் ஓடுது. அம்மா இல்லடி. ஜுரம் வந்துச்சு. நான் பக்கத்துலதான் இருந்தேன். உன்னப் பத்தியேதான் பேசிக்கிட்டிருந்தா."

பெண் ரொட்டியைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். அழவில்லை. யோசித்தாள்.

"எப்ப?"

"சண்டை முடியறதுக்கு முந்தின குளிர்காலம்."

"அப்ப நீங்க இங்க வந்த அன்னைக்கே தெரியும்."

"தெரியும்."

"நான் ஒவ்வொரு தடவையும் வெளிய போனேனே அத்தை. பந்து விளையாடினேனே." குரல் அப்போதுதான் உடைந்தது. "நீங்களும் வெளியதானே வந்தீங்க? அப்ப அம்மாவுக்காக உள்ள யாரு இருந்தாங்க?"

"யாருமில்ல."

"ஒருத்தர்கூடவா?"

"ஒருத்தருமில்லடி."

தோபா ரொட்டியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவள் கை ஓங்கி அறைந்திருந்தால்கூடப் பெஸ்யா தாங்கியிருப்பாள். மீதிக் கேரட்டை அவளேதான் சீவினாள், ஒன்றுகூட ஒழுங்காக இல்லை.

அன்று மாலையே தோபா மிஸஸ் கிரானோவிடம் போய், "எங்கம்மா செத்துட்டாங்க, நான் வரேன்" என்று சொல்லிவிட்டாள். பெஸ்யாவிடம் மட்டும் பேசவில்லை. காலுறை கிழிந்தால் சமையலறைக்கு வந்து என்னிடம் ஊசி கேட்டாள். சாப்பாட்டு மேஜையில் பெஸ்யா பக்கத்தில் வந்தால் எழுந்து இடம் மாறினாள். பெஸ்யா அதைப் பார்த்தும் பார்க்காதது போல மற்றப் பிள்ளைகளை அதட்டிக்கொண்டிருந்தாள்.

பண்டிகையின் எட்டாம் நாள் மறுபடியும் நினைவுப் பிரார்த்தனை வந்தது. ஸெல்ட்ஸர் தலையசைத்தார். நான் கதவைத் திறந்தேன். பெஞ்சுகள் கிரீச்சிட, பிள்ளைகள் எழுந்தார்கள். தோபா எழவில்லை. பக்கத்தில் இருந்த பெண் அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வாடி, வெளிய போணும்."

"நான் வரல."

"ஏன்?"

"எங்கம்மா செத்துட்டாங்க."

மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் கூடம் முழுக்கக் கேட்டது. அந்த விடுதியில் மற்றப் பிள்ளைகள் கேட்க ஒரு பிள்ளையின் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை. வாசலில் பிள்ளைகள் அப்படியே நின்றுவிட்டார்கள். போவதா இருப்பதா என்று தெரியாமல் எங்கள் முகங்களைப் பார்த்தார்கள். "நடங்க, நடங்க, வழில நிக்காதீங்க" என்று பெஸ்யாதான் அவர்களை வெளியே தள்ளிக்கொண்டு போனாள். மிஸஸ் கிரானோவும் போனாள். கதவை மூடப் போன எனக்கு வெளியே பேச்சு கேட்டது.

"மிஸஸ் கிரானோவ், உங்களுக்கு அப்பா அம்மா இருக்காங்க. நூறு வயசு இருக்கட்டும். பிள்ளைங்கள நீங்க பாத்துக்குங்க."

"நானா? இத்தனை பேரையுமா?"

"இத்தனை பேருக்கும் ரெண்டு வருஷமா சோறு போடறீங்கல்ல? செத்த நேரம் பாத்துக்குங்க. அந்தப் பொடியன் மரத்துல ஏறுவான், விடாதீங்க."

சொல்லிவிட்டுப் பெஸ்யா உள்ளே வந்தாள். நினைவுப் பிரார்த்தனைக்கு அவள் உள்ளே வந்து நான் பார்த்ததில்லை. பெண்கள் பக்கம் போய்த் தோபா இருந்த பெஞ்சில், ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்தாள். தோபா திரும்பிப் பார்க்கவில்லை. விரலை வைத்துப் புத்தகத்தில் படித்துக்கொண்டே போனாள். என் தாயின் ஆத்மாவை நினைத்தருள்க என்று வருகிற இடத்தில், இன்னாருடைய மகள் இன்னார் என்று பேர் சொல்ல வேண்டும். அங்கே விரல் நின்றுவிட்டது.

அவள் ஸெல்ட்ஸரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். எங்கள் யாருக்கும் தெரியாது என்று அவளுக்கே தெரிந்தது. வேறு வழியில்லாமல் பெஸ்யாவிடம் திரும்பினாள்.

"எங்கம்மாவோட அப்பா பேரென்ன?"

ஷைன்டலைப் பற்றி என்ன கேட்டிருந்தாலும் பெஸ்யா சொல்லியிருப்பாள். எங்கள் ஊர் இனிப்பு மீனுக்கு எவ்வளவு சர்க்கரை போடுவாள், எந்தப் பல் அவளுக்கு வலிக்கும், தூக்கத்தில் என்ன உளறுவாள், எல்லாம் தெரியும். அப்பா பேர் தெரியாது. அங்கே அதை யாரும் யாரையும் கேட்கவில்லை. பெஸ்யா எழுந்தாள், விடுவிடென்று நடந்து வந்து, என்னைத் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தாள். பிரார்த்தனை நடுவில் அந்தக் கதவை யாரும் திறப்பதில்லை.

"மிஸஸ் கிரானோவ்! ஸ்டாவின்ல நம்ம ஷைன்டலோட அப்பா பேரு என்ன?"

முற்றத்தில் மிஸஸ் கிரானோவின் இரண்டு கையிலும் பிள்ளைகள் தொங்கிக்கொண்டிருந்தார்கள். நரித்தோல் ஒருவன் தலையில் இருந்தது. அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"யோனா! கண்ணாடி போடற யோனா! எங்க வீட்டு ஜன்னல் அவருதான் போட்டாரு!"

இரண்டு வருஷமாகப் பெட்டி பெட்டியாக வந்ததில் அளவு பார்க்காமல் சரியாகப் பொருந்தியது அந்த ஒன்றுதான். பெஸ்யா திரும்பிப் போய்ச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, கூடம் முழுக்கக் கேட்டிருந்தது. "ஷைன்டல், யோனாவின் மகள்" என்றாள் தோபா. இன்னொரு தடவையும் சொன்னாள். அப்புறம் அழுதாள். நாங்களும் அழுதோம், ஆனால் நாங்கள் எப்போதும் அழுகிறவர்கள்.

பெஸ்யா உட்காரவில்லை. பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.  "ரைசல், மென்டலின் மகள்" என்றாள். அவள் பெண்ணின் பேர் அதுவென்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. தோபா அழுகையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருவருக்கும் நடுவே இருந்த அந்த ஓர் ஆள் இடம் அப்படியேதான் இருந்தது.

பயணத்துக்கான காகிதங்கள் சீக்கிரமே தயாராகிவிட்டன. பெஸ்யா தோபாவின் பாவாடைகளுக்கெல்லாம் அடிமடிப்பை அகலமாக வைத்துத் தைத்தாள், பெண் வளர வளரப் பிரித்துவிடலாம். அமெரிக்காவில் துணிக்கா பஞ்சம் என்று நான் கேட்டதற்கு, "அங்கேருந்து என்னென்ன வருதுன்னு நான் பாத்திருக்கேன்" என்றாள். அளவு பார்க்கும்போது மட்டும் இரண்டு பேரும் பேசினார்கள். கையைத் தூக்கு, திரும்பு, இறுக்கமா இருக்கா, இல்லை. அவ்வளவுதான். புறப்பட்ட அன்று வாசலில் தோபா எல்லோருக்கும் முத்தம் கொடுத்துவிட்டுக் கடைசியாகப் பெஸ்யா முன்னால் வந்து நின்றாள்.

"போயிட்டு வரேன் அத்தை."

"கப்பல்ல காத்து அடிக்கும். ஸ்வெட்டரக் கழட்டாதே."

வண்டி போன பிறகு பெஸ்யா துணி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று முழுக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. எனக்கு அடுப்படியில் வேலையே ஓடவில்லை. மறுநாள் காலை யாரோ ஒரு பையன் காலுறையைத் தொலைத்துவிட்டான், பழைய குரல் கேட்டது.

அடுத்த வசந்தத்தில் பஸ்கா பண்டிகையின் கடைசி நாளில் நான் கதவைத் திறந்தபோது பாதிப் பிள்ளைகள் எழவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார்கள். யாரும் அவர்களிடம் எதுவும் சொல்லவில்லை, புதிதாக எந்தச் சேதியும் வரவில்லை. எழுந்து போனவை சின்னதுகள்தான். அவர்களைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து ஊர்ப் பால்காரியைக் கூப்பிட்டிருந்தோம். பெஸ்யா உள்ளே, பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

தோபாவின் கடிதம் அதற்கப்புறம் ஒரு வெயில் நாளில் வந்தது. பெஸ்யா துவைத்துக்கொண்டிருந்தாள், முழங்கை வரை சோப்பு நுரை. "நீயே படி" என்றாள். தொட்டிப் பக்கத்தில் நின்று படித்தேன். பள்ளிக்கூடம் நன்றாக இருக்கிறது, பியானோ கஷ்டமாக இருக்கிறது, சித்திக்குக் கோழி சூப்பில் ஹெர்ஷ் மாமா போடுவது போல் மிளகு போடத் தெரியவில்லை என்றெல்லாம் எழுதியிருந்தாள். பிறகு இப்படி இருந்தது:

'பஸ்கா கடைசி நாள் சித்தி வெளியே போய்விட்டாள். நான் உள்ளே இருந்தேன். அம்மாவுக்குச் சொன்னேன். ரைசலுக்கும் சொன்னேன். மென்டலின் மகள் என்றுதானே அன்றைக்கு நீங்கள் சொன்னீர்கள்? எனக்குச் சரியாகக் கேட்டதா என்று தெரியவில்லை. தப்பாக இருந்தால் எழுதுங்கள் அத்தை, அடுத்த தடவை திருத்திச் சொல்கிறேன்.'

பெஸ்யா தண்ணீருக்குள் ஒரு சட்டையைப் பிடித்தபடி குனிந்தே இருந்தாள். பிழியவும் இல்லை, விடவும் இல்லை. 

"சரியாத்தான் கேட்டிருக்குன்னு எழுதிடு ஹெர்ஷ்" என்றாள். "என் கை ஈரமா இருக்கு."